சாவு வீட்டுத் தரையை யார் கழுவுவது?

பாடை வாசலைத் தாண்டி, மேளச் சத்தம் செம்மண் சாலையின் வளைவில் மறைந்ததும், லயத்து வீட்டில் நின்றுவிட்ட பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு வாளியைத் தேடுவார்கள். உடல் கிடந்த இடத்திலிருந்து வாசல்வரை தண்ணீர் ஊற்றித் தள்ளி, மஞ்சள் நீர் தெளித்து, அந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைப்பார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்புவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். மலாக்காவின் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, ஜனங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. இதற்கு யாரும் கூலி கேட்பதில்லை, யாரும் யாரையும் ஏவுவதுமில்லை. நம் ஜனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட அருமையான ஏற்பாடுகளில் இது ஒன்று என்றே நினைக்கிறேன். ஆனால் இது படுக்கையில், சுற்றம் சூழ, நாள் பார்த்துப் போகும் உயிருக்கு ஏற்பட்ட முறை. வெட்டுக்குத்தில் ஒருவர் விழுந்த கூடம் இருக்கிறது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிள்ளையின் அறை இருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்க, தனியே இறந்துபோய், நாலு நாள் கழித்துக் கதவை உடைத்துக் கண்டெடுக்கப்பட்ட பாட்டியின் கட்டில் இருக்கிறது. அங்கெல்லாம் அந்த ஒரு வாளித் தண்ணீர் போதாது. அங்கே யார் கழுவுவது?

அப்படிப்பட்ட வீட்டில் போலீஸ் வரும், நாடா கட்டும். தடயவியல் பிரிவினர் படம் எடுப்பார்கள், மாதிரி சேகரிப்பார்கள். உடல் சவப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போகும். விசாரணை அதிகாரி தன் வேலை முடிந்ததும் வீட்டை உரியவரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவார். தரையைக் கழுவித் தருவது அவர் கடமையில் சேராது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே நிலைதான். அங்கே அந்த இடைவெளியில் ஒரு தொழில் முளைத்திருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 1998 முதல், இத்தகைய இடங்களிலிருந்து கழிவை அகற்றுகிறவர்கள் பொதுச் சுகாதாரத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. ஜப்பானில் இதற்குத் 'தொகுஷு செய்சோ', அதாவது சிறப்புத் துப்புரவு, என்று பெயர். அந்நாட்டுப் போலீஸ் கணக்குப்படி 2024 ஆம் ஆண்டில் மட்டும் வீட்டில் தனியாக இறந்து கிடந்தவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். நாலில் மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். மலேசியாவிலும் 2030க்குள் 60 வயதைத் தாண்டியவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்பது அரசின் கணிப்பு. இளையவர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும் சிற்றூர்களில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இப்போதைக்கு நம் பக்கத்தில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போவது பெரும்பாலும் இறந்தவரின் மனைவி அல்லது மகன், கையில் குளோராக்ஸ் வெளுப்பான் பாட்டிலோடு. இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லாமல் நாள்கூலிக்கு அழைத்துவரப்படும் யாரோ ஒரு தொழிலாளி. இரண்டுமே தவறு என்பது என் வாதம். விரும்பி வந்து, முறையாகக் கற்று, சான்றிதழும் சம்பளமும் பெறும் ஒருவரின் வேலையாக அது இருக்க வேண்டும்.

கழுவுவதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தம் காய்ந்துவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைப்பவர்களே அதிகம். ஹெப்படைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும், குறைந்தது 7 நாள் தொற்றும் சக்தியோடு இருக்கும். கறை போகட்டும் என்று சுடுதண்ணீரை ஊற்றினால் இரத்தத்தின் புரதம் வெந்து துணியிலும் மரத்திலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர்தான். குளோராக்ஸை நேரே கறைமேல் கொட்டினால் அதன் வீரியம் அந்த அழுக்கோடு மோதியே தீர்ந்துபோகும். அழுக்கை முழுதாக எடுத்த பிறகுதான் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும், 10 நிமிடமாவது ஈரம் காயாமல் விட வேண்டும். பதற்றத்தில் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் அதே வாளியில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளையே சாய்க்கும். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கண்ணுக்குத் தெரியாத பகுதி. மெத்தையின் மேலுறையில் உள்ளங்கை அகலம் தெரியும் கறை, அடியில் அதைப் போலப் பல மடங்கு பரவியிருக்கும். தரைக்கல்லின் இடுக்குச் சிமெண்டு வழியாகவும் பலகையின் இணைப்பு வழியாகவும் இறங்கும். நம் ஊர் வெக்கையில் உடல் இரண்டு நாளிலேயே கெடத் தொடங்கும். அப்போது உண்டாகும் வாடை சுவரின் சாந்திலும் திரைச்சீலையிலும் குடியேறும். சாம்பிராணி அதை ஒரு மணி நேரம் மறைக்கலாம். எதைக் கழுவினால் போதும், எதை வெட்டி எடுத்துவிட வேண்டும், எதன்மேல் பூச்சுப் பூசி மூட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் கண் பழகித்தான் வர வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறவரின் உடம்பே முதலில் தயாராக வேண்டும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணை முடிய ஆறு மாதம் பிடிக்கும். மலேசியாவில் பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடத் தொடங்கியது 1989இல்தான். அதற்கு முன் பிறந்த அக்காக்களும் அண்ணன்களும் பலர் அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் மாப்பு பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டு விதி இந்த ஊசியை முதலாளி தன் செலவில் தர வேண்டும் என்கிறது. அடுத்தது உடை. முழு உடுப்பு, இரட்டைக் கையுறை, முகக்கவசம் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ள அரை நாளில் பழகிவிடலாம். கழற்றுவதுதான் பெரிய பாடம், ஏனென்றால் வெளிப்புறத்தில் ஒட்டியது கையிலும் முகத்திலும் படுவது அந்த நேரத்தில்தான். வீட்டை அழுக்கு எல்லை, இடைப்பட்ட எல்லை, சுத்தமான எல்லை என்று மூன்றாகப் பிரித்து, எந்தக் கோட்டில் எதைக் கழற்றுவது என்று கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். பிறகு கழிவு. 2005 ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் நோய்க்கிருமிக் கழிவுக்கும் மருத்துவக் கழிவுக்கும் எஸ்டபிள்யூ 404 என்ற எண் இருக்கிறது. அதை மஞ்சள் பையில் கட்டி, உரிமம் பெற்றவர் வண்டியில் ஏற்றி, உரிமம் பெற்ற எரிசூளைக்கு அனுப்ப வேண்டும். நகராண்மைக் கழகத்தின் குப்பைத் தொட்டியில் போட்டால், மறுநாள் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அந்த ஆபத்தை வைத்ததாக ஆகும். போலீஸ் விட்டுப்போன ஏதாவது தடயம் கட்டிலடியில் கிடைத்தால், தொடாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லவும் தெரிய வேண்டும். தாலி, அடையாள அட்டை, சேமநிதிக் காகிதம் என்று கிடைப்பதையெல்லாம் வீட்டார் ஒருவர் முன்னிலையில் எழுதி ஒப்படைப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

இங்கேதான் மிகக் கனமான மறுப்பு எழுகிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. "மூன்று தலைமுறையாகத் துடைப்பத்தை விட்டு வெளியே வரப் போராடினோம். இப்போது சான்றிதழ் ஒட்டிய துடைப்பத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறாயா?" இந்தக் கேள்வியில் வரலாறு முழுதும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில் நகரச் சுகாதாரக் கழகங்கள் தெரு கூட்டவும் வாளிக் கக்கூஸ் சுமக்கவும் இந்தியத் தொழிலாளர்களைப் பெருமளவில் வைத்தன. ஊரில் எந்தச் சாதி எதைச் சுமந்ததோ, கடல் தாண்டிய பிறகும் அந்தச் சுமை பலருடைய தலையிலிருந்து இறங்கவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய நாவலைத் 'தோட்டியின் மகன்' என்று சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தார். அப்பன் கை வாளி மகன் கைக்கு மாறுவதைப் பற்றிய கதை அது. தமிழ்நாட்டில் திவ்யபாரதி 2017இல் எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம், அந்த வாளி எழுபது ஆண்டு கழித்தும் கீழே வைக்கப்படவில்லை என்று காட்டியது. கையால் மலம் அள்ள வைப்பதை இந்தியா 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவு நிற்காததால்தான் இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கொடுமை எதில் இருந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அழுக்கைத் தொட்டதில் அது இல்லை; அறுவைச் சிகிச்சை நிபுணரும் தாதியும் நாள் முழுதும் அதைத்தான் தொடுகிறார்கள். யார் தொட வேண்டும் என்பது பிறக்கும்போதே முடிவாகியிருந்ததிலும், கற்றுத்தராமல் கையுறை தராமல் இறக்கிவிட்டதிலும், முடியாது என்று சொல்ல வழியில்லாமல் போனதிலும்தான் கொடுமை இருந்தது. தோட்டத்தில் பாராக்குவாட் களைக்கொல்லி அடித்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்த அந்தப் பெண்களின் நகச் சேதத்தையும் கண் எரிச்சலையும் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் பதிவு செய்தன. அரசு 2002இல் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுதாகத் தடுத்தது. விஷம் அதே விஷம்தான். அதைப் பற்றி அறிந்தவர் அலுவலகத்தில் இருந்தார், அறியாதவர் நிரையில் நின்றார். நம் பக்கத்து மாநிலத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1998-99இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைச் சூறையாடிய நிபா கிருமி, நாடெங்கும் 105 உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பணியில் இராணுவமும் இறங்கியது. பின்னர் அந்தப் பணியிலிருந்த 1,412 படைவீரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 6 பேரிடம் தொற்றின் தடயம் இருந்தது. ஒழுங்குக்குப் பழகிய, கவச உடையோடு போன படையிலேயே 6 பேர். கயிற்றுக்கட்டிலில் கிடந்த உடலின் அடியைத் துடைக்க வெறுங்கையோடு அனுப்பப்படும் நாள்கூலிக்கு என்ன காப்பு?

ஆகவே பயிற்சி என்று நான் சொல்வது, ஒரு வேலையைப் பிறப்பிலிருந்து அறுத்தெடுக்கும் கத்தியை. படித்தால்தான் செய்ய முடியும் என்றாகிவிட்ட வேலையை யார் தலையிலும் கட்ட முடியாது. படிக்க விருப்பமில்லாதவர் செய்ய முடியாது, படித்தவர் விலை சொல்லலாம். வீடுகளில் பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்துக்கு 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். தொட்டிக்குள்ளும் சுரங்கக் குழாய்க்குள்ளும் இறங்குகிறவருக்குத் தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷின் பயிற்சி வேண்டும். இரத்தம் தோய்ந்த கூடத்தையும் இதே வரிசையில் சேர்த்து, மலேசியத் திறன் சான்றிதழின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தத் தீர்வு கெட்டுப்போகவும் வழி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முகமெல்லாம் ஒரே இனமாக, ஒரே குடியிருப்பிலிருந்து வந்தவையாக இருந்தால், பழைய வாளிக்குப் புதிய பெயர் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதைக் கண்காணிக்க வேண்டியது இதை ஆதரிக்கும் நம் பொறுப்பு.

இன்னொரு மறுப்பு அன்பின் பக்கத்திலிருந்து வருகிறது. பெற்ற பிள்ளை செய்ய வேண்டிய கடைசிக் கடனை முகம் தெரியாத ஒருவனிடம் காசு கொடுத்து விடுவதா? குளிப்பாட்டுவதும் வாய்க்கரிசி போடுவதும் கொள்ளி வைப்பதும் வேறு, இது வேறு. அந்தச் சடங்குகள் எல்லாம் இறந்தவரை ஒரு முழு மனிதராக நம் கண்ணில் கடைசியாக நிறுத்துகின்றன. தரையில் மண்டியிட்டுத் தந்தையின் இரத்தத்தைச் சுரண்டி எடுக்கும் மகனுக்கு அதன்பின் தந்தை என்றால் எந்தக் காட்சி நினைவுக்கு வரும்? அந்தக் காட்சி அவன் தூக்கத்தில் எத்தனை ஆண்டு வரும்? கடன் என்ற பெயரில் நாம் அவன்மேல் ஏற்றுவது அதைத்தான். தெரியாதவர் என்பதே இங்கு ஒரு தகுதி. அவருக்கு அந்தத் தரையில் தகப்பன் இல்லை, அண்ணன் இல்லை. ஒரு வேலை இருக்கிறது, அதை நேர்த்தியாகச் செய்ய அவரால் முடியும். வீட்டாரின் பங்கு பறிபோகாது. அவர் முடித்துப் போன பிறகு அந்தப் பெண்கள் வாளியை எடுத்து, மஞ்சள் நீர் தெளித்து, விளக்கை ஏற்றலாம், இந்த முறை பயமில்லாமல். நாள் சரியில்லை என்று தனிஷ்டா பஞ்சமி அடைப்புக்காக அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் குடும்பத்துக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை. சுத்தம் செய்துவிட்டுப் பூட்டிக்கொள்ளட்டும்.

செர்காம் போன்ற ஊரில் இந்தத் தெரியாதவருக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. காலையில் நடந்தது மதியத்துக்குள் மெர்லிமாவ் சாப்பாட்டுக் கடைவரை போய்விடும் இடம் இது. அந்த அறையில் என்ன எழுதிக் கிடந்தது, எத்தனை மாத்திரைப் பட்டை கிடந்தது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது; ஊர் நாக்குக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. பார்த்ததைச் சொல்லாமலிருப்பதை ஒரு தொழில் ஒழுக்கமாகக் கற்றுத்தர வேண்டும், மீறினால் சான்றிதழ் பறிபோக வேண்டும். ஜப்பானில் இந்த வேலை பார்க்கும் கொஜிமா மியு என்ற இளம்பெண், தனிமையில் இறந்தவர்களின் அறைகளைக் கையடக்கப் பொம்மை அறைகளாகச் செய்து காட்சிக்கு வைத்திருக்கிறார். ஒரே வீட்டை அப்படியே எடுக்காமல், பல வீடுகளில் கண்டதைக் கலந்து செய்கிறார். எந்தக் குடும்பமும் அடையாளம் காட்டப்படுவதில்லை. உலகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, வீட்டாரின் மானத்தையும் காக்கும் அந்தப் பக்குவத்தைத்தான் நம் பயிற்சியிலும் எதிர்பார்க்கிறேன்.

பணம்? நியாயமான கேள்வி. ஈமச் செலவுக்கே கடன் வாங்கும் வீடு இதற்கு எங்கே போகும்? நம் கோயில்களும் சங்கங்களும் தோட்டக் காலத்திலிருந்து மரண சகாய நிதி நடத்தி வருகின்றன. பெட்டிக்கும் வண்டிக்கும் பந்தலுக்கும் கொடுக்கும் அந்த நிதியில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். ஆனால் அதோடு முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கொலை நடந்த வீட்டையும், கேட்பாரற்று ஒருவர் இறந்த வீட்டையும் தொற்றில்லாமல் ஆக்குவது பொதுச் சுகாதாரம். டிங்கி கொசுவுக்குப் புகை அடிக்க வீட்டுக்காரரிடம் கட்டணம் கேட்பதில்லையே. நகராண்மைக் கழகம் ஓர் அணியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்ட வீட்டுக்கு இலவசமாக அனுப்பலாம். அந்த அணியில் இருப்பவர்களைக் குத்தகைக்கு விடாமல், சொக்சோ என்ற தொழிலாளர் சமூகக் காப்புறுதியோடு நேரடி ஊழியராக வைத்துக்கொள்வது முக்கியம். குத்தகையில் போகும் துப்புரவு வேலையில் கையுறையின் எண்ணிக்கைதான் முதலில் குறைகிறது.

கடைசியாக, கற்றுத்தர முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. குழந்தை இறந்த அறையில் சுவரில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகளைத் துடைக்க வேண்டிவரும்போது எந்தப் பாடநூலும் கை கொடுக்காது. துடைக்கலாமா, விட்டுவைக்கலாமா என்று வீட்டாரிடம் போய்க் கேட்கத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றும் மனம் உடைந்துபோகாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும்: தனியாக யாரையும் அனுப்பக் கூடாது, வேலை முடிந்த அன்றே மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும், அடுத்தடுத்துக் கடினமான வீடுகளைக் கொடுக்கக் கூடாது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தந்திருக்கிறது. இந்த வேலையில் அந்த உரிமை மனத்துக்கும் செல்ல வேண்டும் என்பேன். ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு மண்டபத்தில் முதல் வகுப்புத் தொடங்கும் நாளில், நடத்துகிறவர் எந்தப் பூச்சுமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லட்டும். படங்களைக் காட்டட்டும், வாடை எப்படி இருக்கும் என்று விவரிக்கட்டும், சம்பளத்தையும் சொல்லட்டும். பிறகு பத்து நிமிடம் இடைவேளை விட்டு, மண்டபக் கதவைத் திறந்து வைக்கட்டும். எழுந்து போகிறவரிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம். வாளி சுமந்த தாத்தாக்களுக்கு அப்படி ஒரு கதவை யாரும் திறந்து வைத்ததில்லை. இடைவேளை முடிந்தும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அன்றே முதல் ஊசியைப் போடலாம்.